ஒற்றைக் கார்புரேட்டர் வேண்டாம், தம்பி



கொஞ்சம் நீளமான பதிவு. வண்டி விஷயம் பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன் ஒருவன் இப்போது கலிஃபோர்னியாவில் இருக்கிறான். பெயர் போடக் கூடாதாம். கூடப் படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவன் ஒரு பழைய போர்ஷே 914 வாங்கியிருக்கிறான். 1973 மாடல், 1.7 லிட்டர். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, சிக்னலில் நின்றால் அணைகிறது, கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம். பார்த்த மெக்கானிக், “இந்தப் பழைய இன்ஜெக்‌ஷனைக் கழற்றி எறி, ஒற்றைக் கார்புரேட்டர் கிட் ஒன்று மாட்டிவிடலாம், ஒரே நாள் வேலை” என்றாராம். “உங்க ஸ்கூட்டர்ல ஒரு கார்புரேட்டர்தானே சார் இருந்துச்சு, நல்லாத்தானே ஓடுச்சு?” என்று போனில் கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். ஏன் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான், அதனால் பதில் எழுதியாக வேண்டும்.

என் ஸ்கூட்டருக்கு ஒரு சிலிண்டர். கார்புரேட்டர் அதை ஒட்டியே இருக்கும். 914 அப்படியல்ல. ஃபோக்ஸ்வாகனும் போர்ஷேவும் கூட்டாகச் செய்து 1969இல் வெளியிட்ட, இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார் அது. இன்ஜின் முன்னாலும் இல்லை, பின்னால் கடைசியிலும் இல்லை. சீட்டுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இருக்கிறது. நான்கு சிலிண்டர், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாகப் படுத்த வாக்கில். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, விசிறிக் காற்றுதான் குளிர்விக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நடுவில், உச்சியில் ஒரே ஒரு கார்புரேட்டரை வைத்தால் என்ன ஆகும்? அங்கிருந்து இரண்டு பக்கமும் நீளமான குழாய் வழியாகத்தான் கலவை போக வேண்டும். ஊசி போடுவதற்கு முன் கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்குமே, ஏன் என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். ஆவியாகும் திரவம் சுற்றியிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. பெட்ரோலும் அப்படித்தான். அது ஆவியாகும்போது குழாய் குளிர்கிறது. குளிர்ந்த குழாயின் சுவரில் பெட்ரோல் மறுபடி துளியாக ஒட்டுகிறது. காற்றில் ஈரம் இருந்தால் கார்புரேட்டர் தொண்டையில் பனிக்கட்டியே பிடிக்கும். தண்ணீரால் குளிரும் இன்ஜினில் அந்தச் சுடுதண்ணீரைக் கொண்டே குழாயைச் சூடாக்கிவிடலாம். இதில் ஏது தண்ணீர்? பழைய பீட்டில் காரிலும் நடுவில் ஒரே கார்புரேட்டர்தான். ஆனால் அதைச் செய்தவர்கள் புகைபோக்கியிலிருந்து ஒரு சின்னக் குழாயைக் கொண்டுவந்து, கார்புரேட்டருக்குக் கீழேயே சூடு கொடுத்தார்கள். நீ அனுப்பிய கிட் படத்தில் அப்படி எதையும் காணோமே தம்பி. பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

விளைவு என்ன? ஒரு சிலிண்டருக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஒரு திணறல். திணறலை மறைக்கப் பெரிய ஜெட் போடுவார்கள். அப்போது மிச்சப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலோடு கலக்கும். சிறிய ஜெட் போட்டால் கலவை மெலிந்து சூடு ஏறும். காற்றில் குளிரும் இன்ஜினுக்கு அந்தச் சூட்டைத் தாங்கும் இடம் குறைவு. இந்த வகை இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டு கழன்று விழுவது பழைய வியாதி. கிட்டில் மிச்சம் பிடித்த காசு ஒரு சிலிண்டர் ஹெட்டுக்கே காணாது.

அந்தக் கிட்டில் வருவது வெபர் 32/36. நல்ல கார்புரேட்டர், குறை சொல்ல மாட்டேன். ஃபோர்டு கார்களில், நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் இன்ஜினில், அருமையாக ஓடியது. அங்கே குழாய் குட்டை. நல்ல மாப்பிள்ளைதான், இந்தப் பெண்ணுக்குப் பொருத்தமில்லை, அவ்வளவுதான்.

இதே காரில் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது, ஐரோப்பாவில் அதைக் கார்புரேட்டரோடுதான் விற்றார்கள். எத்தனை தெரியுமா? பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. அதற்கு முந்திய போர்ஷே 356இலும் இரண்டுதான். காசை எண்ணிச் செலவழிக்கும் தொழிற்சாலைக்காரன் ஒன்றில் முடியும் வேலைக்கு இரண்டு வாங்கி வைப்பானா?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கார்புரேட்டர் மலிவு. இரண்டை ஒன்றோடொன்று சமப்படுத்தும் தலைவலி இல்லை. இன்ஜின் சூடானபின் சமவெளிச் சாலையில் ஒரே வேகத்தில் போனால் பேசாமல் ஓடும். முந்தைய சொந்தக்காரர் இன்ஜெக்‌ஷனை எப்போதோ குப்பையில் போட்டுவிட்ட வண்டி என்றால், அதை எல்லாம் தேடி வாங்குவது பெரிய செலவு, அது எனக்கும் தெரியும். அப்போதும் நான் இரண்டு கார்புரேட்டருக்குத்தான் காசு சேர்க்கச் சொல்வேன். உன் வண்டியிலோ எல்லாப் பாகமும் இருக்கிறதே!

அந்த இன்ஜெக்‌ஷனுக்கு டி-ஜெட்ரானிக் என்று பெயர். பாஷ் கம்பெனி 1967இலேயே, அமெரிக்காவுக்குப் போன ஃபோக்ஸ்வாகன் 1600இல் கொடுத்தது. ‘டி’ என்பது ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும், ஒரு பெட்டி பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும். பெட்டிக்குள் நம் வீட்டுப் பழைய ரேடியோ போல டிரான்சிஸ்டர்கள்தான், மந்திரம் ஒன்றுமில்லை. ஐம்பது வருஷத்தில் அந்தச் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய தகடு விரிசல் விடும். விட்டால் பெட்ரோல் அதிகமாகப் போகும், கறுப்புப் புகை வரும். சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் வெப்பச் சென்சாரின் ஒயர் அறுந்தாலும் இதே கதைதான். இன்ஜின் பனியில் கிடக்கிறது என்று நினைத்துப் பெட்டி பெட்ரோலை ஊற்றும். நீ சொன்ன அறிகுறி இரண்டுக்கும் பொருந்துகிறது. இதைச் சோதிக்காமல் கழற்றி எறியச் சொல்வது, ஜுரத்துக்குக் காலை வெட்டுவது மாதிரி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், நான் என்ன சொன்னாலும் நீ கார்புரேட்டர்தான் போடப்போகிறாய் என்றாலும் கேள். இன்ஜெக்‌ஷன் பம்ப் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 29 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும். கார்புரேட்டருக்குத் தேவை 3 பவுண்டு அளவு. பழைய பம்பை அப்படியே விட்டால் ஊசி வால்வு தாங்காது, பெட்ரோல் வழிந்து சூடான இன்ஜின் மேல் கொட்டும். அந்தக் காரில் பேட்டரியும் இன்ஜின் அறையிலேயே இருக்கிறது. அதன் ஆசிட் கீழே ஒழுகித் தகரத்தையும் ஹோஸையும் அரித்திருக்கும். எது செய்தாலும் முதல் செலவு பெட்ரோல் ஹோஸுக்கும் அதன் கிளாம்புக்கும்தான். உன் பெண் குழந்தை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற போட்டோவைப் பார்த்தேன்.

ஆக, இந்த வாரம் வால்வு இடைவெளி, பாயிண்ட், டைமிங் மூன்றையும் சரிபார். பிறகு காற்றுக் குழாய் ரப்பர் எல்லாவற்றையும் விரலால் வளைத்துப் பார், வெடிப்பு இருந்தால் மாற்று. கையால் இழுக்கும் வாக்குவம் பம்ப் ஒன்று வாங்கி அந்தச் சென்சாரில் மாட்டு. முள் நிற்கிறதா, இறங்குகிறதா என்று பார். இறங்கினால் தகடு போயிற்று. அதை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் உன் நாட்டிலேயே இருக்கிறார்கள். மெக்கானிக்கிடம் ஒரு பாகத்தையும் கொடுத்துவிடாதே.

பம்ப் வந்ததும் வீடியோ காலில் வா. நம்ம ஊர் நேரம் காலை ஏழுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, டீச்சரம்மாவும் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.