காசநோயும் சகஊழியர் சொல்லும்

காசநோய்க்குச் சிகிச்சை பெற்று வேலைக்குத் திரும்பும் ஊழியரை அலுவலகம் எவ்வாறு வரவேற்கிறது? "இப்படி உருக்குலைந்து போனீரே!" என்று இரங்குபவர் ஒருவர், "எங்கள் மாமாவுக்கும் இதே நோய்தான், பிழைக்கவில்லை" என்று கதை சொல்பவர் மற்றொருவர், அவருடைய தண்ணீர்க் குவளையைத் தனியே ஒதுக்கி வைப்பவர் வேறொருவர். இவற்றுள் சில அச்சத்தால் எழுவன. சில அன்பினாலேயே எழுவன. எனினும், கேட்பவரைப் புண்படுத்துவதில் இவற்றிடையே வேற்றுமை சிறிதே.

இத்தகைய பேச்சைப் பண்புக் குறைவு என்று மட்டும் கருதுவது போதாது. பொதுச் சுகாதாரத்துக்கும் அது கேடு விளைவிப்பதாகும். ஒருவர் படும் அவமானத்தைக் காணும் மற்றொருவர், தமக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலும் சளிப் பரிசோதனைக்குச் செல்லத் தயங்குவார். மருந்து உண்பவரும் அதனை மறைக்க முற்பட்டு, 6 மாதச் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடக்கூடும். மறைக்கப்பட்ட நோயே பிறருக்குப் பரவுகிறது. கேலி பேசியவரும் அதே அறையின் காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

நுரையீரல் காசநோய் காற்றின் வழியே பரவுவது; குவளையினாலும் கைகுலுக்குவதாலும் பரவுவதன்று. 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்று, 1959-இல் முடிவுகள் வெளியிடப்பெற்ற ஆராய்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. வீட்டில் இருந்தபடி மருந்து உண்டோரையும் சானடோரியத்தில் சேர்க்கப்பெற்றோரையும் அது ஒப்பிட்டது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. உரிய சிகிச்சை தொடங்கியபின் தொற்றும் தன்மை விரைவில் குறைகின்றது. எனவே அஞ்சத்தக்கது, சிகிச்சை பெறாத நோயே. மருத்துவரின் அனுமதியுடன் அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவர் அல்லர்.

நோயுற்றவர் தம் உடல்நிலையை எல்லாருக்கும் விளக்கக் கடமைப்பட்டவர் அல்லர். "சிகிச்சை ஒழுங்காக நடக்கிறது, வேலை செய்ய மருத்துவர் அனுமதித்திருக்கிறார்" என்னும் மறுமொழியே போதுமானது. பேச்சு தொடருமாயின், நாளையும் சொல்லையும் குறித்துக்கொண்டு மேலதிகாரியிடம் தெரிவிப்பது முறை. ஆயினும், சுமை முழுவதையும் அவர்மீதே ஏற்றுவது நேர்மையாகாது. கேலி எழுந்த இடத்திலேயே "இது தகாது" என்று தடுத்தல் சகஊழியர் கடமை. மருத்துவச் சான்றிதழைப் பலர் கண்ணில் படாது காத்தலும், மருந்து வாங்கச் செல்லும் நாளில் முணுமுணுப்பின்றி அனுமதி அளித்தலும் தலைமை அதிகாரியின் கடமை.

இரக்கம் காட்ட விரும்புவோர் நோயைப் பற்றி வினவுவதை விட்டு, "எந்த வேலையைச் சில நாள் பகிர்ந்துகொள்ளலாம்?" என்று வினவுவார்களாக. களப்பணியாளரின் சொல்லைக் கிராமமும் ஆசிரியரின் சொல்லை வகுப்பும் பின்பற்றுகின்றன. காசநோயை மறைக்க வேண்டுவதில்லை என்று ஊருக்கு எடுத்துரைக்கும் பொறுப்புடையோர், தம் அலுவலகத்தில் ஒருவரும் அதனை மறைக்க நேராதபடி பார்த்துக்கொள்ளுதல் முதற்கடமையாகும்.