துணையின் துயில்

பயனின்றி எரியும் விளக்கை அணைத்தல் சிக்கனமென்பதை மறுப்பார் இலர். எதனை எப்பொழுது அணைப்பது என்பதிலேதான் அறிவு வேண்டப்படுகின்றது. நாம் நாடோறும் கையாளும் கைப்பேசியினுள்ளும் இவ்வினா இடையறாது எழுகின்றது.

படக்கருவி, காணொளிப் பகுதி முதலியன நினைவகத்தை அணுகும்பொழுது, அவை கூறும் முகவரியை மெய்ம்முகவரியாக மாற்றுவதும், தமக்குரியதல்லாத இடத்தில் அவை புகாமற் காப்பதும் நினைவக மேலாண்மை அலகின் தொழிலாம். அக்கருவிகள் வாளா இருக்கையில் இவ்வலகும் மின்சாரம் உண்ண வேண்டுவதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடித்தளமாகிய லினக்ஸில், பணியற்ற கருவிகளை அவ்வப்போது துயிலச் செய்யும் பொதுமுறை 2009ஆம் ஆண்டில் அமைந்தது.

ஆயின் இதில் ஓர் இடர் உண்டு. கருவி விழித்திருக்க அலகு துயிலுமாயின், முகவரி மாற்றுவாரின்றி வேலை நின்றுபோம். மின்சாரமற்ற அலகின் பதிவேட்டை மென்பொருள் தொடின், கைப்பேசி முழுதும் உறைந்துபோதலும் கூடும். துயிலிற் பதிவேடு அழியுமாயின், எழுந்தவுடன் அதனை மீண்டும் எழுதிய பின்னரே பணி தொடங்கல் வேண்டும்.

இவற்றிற்கு அஞ்சி, "அலகு என்றும் விழித்தே இருக்கட்டும், செலவு சிறிதன்றோ?" என்பாரும் உளர். அதற்கு நாம் உடன்படோம். பல சில்லுகளில் அலகும் அதனைச் சார்ந்த கருவியும் ஒரே மின்வாயிலின் கீழ் உள்ளன. அலகை விழிப்பித்தால் அவ்வாயில் அடைபடாது. கருவியும் வீணே மின்சாரம் உண்ணும். சிறிதென்று கருதியது பெரிதாய் முடியும்.

செவிலிமேடு முதலாய காஞ்சிப் பகுதியிற் கோர்வைச் சேலை நெய்வதைக் கண்டோர் இதன் தீர்வை எளிதில் உணர்வர். அங்கே மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு பக்கத்துக் கரைக்குரிய நாடாவைத் துணையாள் ஓட்டுவார். துணையாள் அமருமுன் நெசவு தொடங்காது. நெசவு நடக்கையில் துணையாள் எழுந்துபோவதும் இல்லை. நெசவு நின்றபின் அவரைத் தறியருகே இருத்தி வைப்பாரும் இலர்.

இவ்வொழுங்கினையே 2017இல் லினக்ஸின் 4.10ஆம் பதிப்பு கருவியிணைப்பு என்னும் பெயரால் ஏற்படுத்திற்று. 'இக்கருவி இவ்வலகைச் சார்ந்தது' என்று இயக்கிமென்பொருள் உரியவாறு பதிவு செய்யின், கருவி எழுமுன் அலகு எழும். சார்ந்த கருவிகள் யாவும் துயின்ற பின்னரே அலகு துயிலும்.

ஆதலின், இயக்கிமென்பொருள் எழுதக் கற்கும் மாணவ நண்பர்கள் சார்பை ஊகத்திற்கு விடாது வெளிப்பட எழுதுவாராக. முன் எழுந்து பின் உறங்குதலே துணைக்கு அழகு. பணி முடிந்தபின் அதனை உறங்கவிடுதலே அதனை ஆள்வோர்க்குக் கடன் என்பது எமது துணிபு.