படுக்கையறைகளை எண்ணுவதை நிறுத்துங்கள்

கண்டியில் வீடு விற்பனைக்கு என்று வரும் விளம்பரங்களைச் சற்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். கட்டுகஸ்தோட்டையில் 10 பேர்ச் காணியுடன் மூன்று படுக்கையறை வீடு. பேராதனை வீதிக்கு அண்மையில் நான்கு படுக்கையறை வீடு. குளியலறையைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தால் அது வெறும் எண்ணிக்கையாகவே இருக்கும். அதற்குள் ஒருவர் கையை நீட்ட முடியுமா, விழுந்தால் தூக்குவதற்கு இன்னொருவர் நுழைய முடியுமா என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. வாங்குபவரும் கேட்பதில்லை. வீடு என்பது படுக்கையறைகளின் கூட்டுத்தொகை என்ற கணக்கு நம் புத்தியில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது.

இந்தக் கணக்கு தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். வயதானவர் இருக்கும் வீட்டில் ஒரு படுக்கையறையை விட்டுக்கொடுத்துக் குளியலறையைப் பெருப்பிக்கலாமா என்று யாராவது கேட்டால், என் பதில் தயக்கமின்றி 'ஆம்' என்பதுதான். கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சில்லை.

எதிர்த் தரப்பின் வாதங்களை முதலில் வைக்கிறேன். ரொறன்ரோவிலிருந்து என் மைத்துனர் தொலைபேசியில் சொன்னது: "அத்தான், மூன்று ரூம் வீட்டை இரண்டு ரூம் வீடாக்கினால் விலை விழுந்துவிடும்." விற்கப் போவதாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. அயலவர் ஒருவரின் யோசனை வேறுவிதமானது. எசல பெரஹரா நாட்களில் கண்டியில் ஓர் அறைக்குக் கிடைக்கும் வாடகையை எண்ணிப் பார்க்கும்படி அவர் அறிவுரை கூறினார். பெரஹரா ஆண்டில் சில இரவுகள். என் மாமியார் ஆண்டில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் குளிக்க வேண்டியவர். வாஸ்து பார்க்கும் உறவினர் ஒருவர் திசை சரியில்லை என்றார். அவருடைய வீட்டில், சரியான திசையில் அமைந்திருக்கும் குளியலறையில் அவருடைய தாயார் சென்ற ஆண்டு வழுக்கி விழுந்தார் என்பதை நாகரிகம் கருதி நான் நினைவூட்டவில்லை.

இவையெல்லாம் எளிதில் தள்ளக்கூடிய வாதங்கள். தள்ள முடியாத வாதம் மாமியாரிடமிருந்தே வந்தது. யாருக்காக அந்தச் சுவரை உடைக்க நினைக்கிறோமோ, அவரே உடைக்கக் கூடாது என்றார்.

"ஒரு காம்பராவுக்கு நாங்க பட்ட பாடு போதாதா மாப்புள? இருக்குற காம்பராவ யாராச்சும் ஒடைப்பாங்களா?"

இந்தக் கேள்விக்குள் மலையகத்தின் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பி பயிரிடத் தொடங்கியதிலிருந்து, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதற்குப் பின்னும், அங்கே உழைக்க வந்தவர்களுக்குக் கிடைத்த வீடு லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு. சில லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாகவே கட்டப்பட்டன. அவற்றில் பின்பக்கம் ஒரு சாளரத்துக்குக்கூட வழியில்லை. அந்த ஒரே காம்பராவுக்குள் தாத்தாவும் பாட்டியும், பெற்றோரும், மணமான மகனும் மருமகளும், பிள்ளைகளும் படுத்தார்கள். பிரசவம் அங்கே, மரணமும் அங்கே. இடையில் ஒரு பழஞ்சேலையைத் தொங்கவிட்டு 'தனியறை' செய்துகொண்டவர்கள் பலர். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குக் கைமாறின. லயம் லயமாகவே இருந்தது. அப்படிப்பட்ட லயத்தில், ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர் என் மாமியார். காம்பரா என்பது அவருக்கு வெறும் இடமல்ல, மானம்.

(இடைக்குறிப்பு ஒன்று. காம்பரா போர்த்துக்கேயச் சொல். இஸ்தோப்பும் கக்கூசும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. கண்டி இராச்சியத்தை இந்த இரு சாராராலும் கைப்பற்றி வைத்திருக்க இயலவில்லை. ஆயினும் கண்டி மலைகளில் பின்னர் வந்த ஆங்கிலேயர் கட்டிய லயத்தின் உறுப்புகளுக்கு இவர்களுடைய சொற்களே பெயராயின.)

மாமியாரின் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் அது வரலாற்றின் பாதி. மறுபாதியை அவரும் அவருடைய தலைமுறையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. லயத்தில் இல்லாமற் போனது இரண்டாவது காம்பரா மட்டுமா? கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க ஓரிடமும் இல்லை. பெண்கள் பீலிக்கரையில் குறுக்குக் கட்டிக்கொண்டு, போவோர் வருவோர் பார்வைக்கு நடுவில், விடியுமுன் அல்லது பொழுது சாய்ந்தபின் குளித்தார்கள். மலசலகூடம் பொதுவானது; பல குடும்பங்களுக்கு ஒன்று; மழைக்கால இரவில் வழுக்கும் படியில் இறங்கிப் போக வேண்டியது. மாதவிலக்கு நாட்களில், கர்ப்ப காலத்தில், முதுமையில் அந்தப் படிகள் என்னவாக இருந்திருக்கும் என்று ஆண்களாகிய நாங்கள் கேட்டதில்லை. காம்பரா இல்லாத துயரத்தைப் பற்றிக் கதைகள் வந்தன, மேடைப் பேச்சுகள் வந்தன, நானே பத்திரிகையில் பத்திகள் பல எழுதியிருக்கிறேன். பீலிக்கரைத் துயரம் மட்டும் பேசக் கூசும் விடயமாகவே ஒதுங்கிக் கிடந்தது.

ஆகவேதான் லயத்தை விட்டு வெளியேறி நகரத்துக்கு வந்து வீடு கட்டிய எங்கள் தலைமுறை, கையிலிருந்த பணத்தையெல்லாம் படுக்கையறைகளில் கொட்டியது. குளியலறை, வரைபடத்தில் கடைசியாக மிஞ்சிய மூலைக்குப் போனது. எங்கள் வீட்டில் அது நாலடிக்கு ஆறரை அடி. கதவு 27 அங்குலம், உள்நோக்கித் திறப்பது. வாசலில் தண்ணீர் வெளியேறாதபடி நாலு அங்குல உயரத்துக்கு ஒரு கட்டு. பளபளக்கும் டைல். முப்பது ஆண்டுகளாக யாருக்கும் இதில் குறை தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாக யாருக்கும் எண்பது வயதாகவில்லை என்பதே காரணம்.

இப்போது மாமியாருக்கு எண்பத்து மூன்று வயது. வோக்கர் பிடித்து நடக்கிறார். வோக்கர் கதவுக்குள் நேராக நுழையாது. பக்கவாட்டில் திருப்பித் தூக்கி வைக்க வேண்டும், அதுவும் அந்தக் கட்டைத் தாண்டி. உள்ளே கொமட்டும் பேசினும் போக மிஞ்சும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வைத்தால் அவர் உட்காரலாம்; குளிப்பாட்டுபவர் நிற்க முடியாது. எனவே என் மனைவி வாசற்படியில் நின்று கையை உள்ளே நீட்டித் தண்ணீர் வார்க்கிறாள். கதவைச் சாத்த வழியில்லை. கூடத்திலிருக்கும் நாங்கள் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுகிறோம். பீலிக்கரையில் ஊரறியக் குளித்து இளமையைக் கழித்த ஒரு பெண், சொந்த மகளின் வீட்டில், டைல் பதித்த சுவர்களுக்கு நடுவில், முதுமையிலும் கதவு திறந்தபடியே குளிக்கிறார். பக்கத்தில், அதே சுவரின் மறுபுறத்தில், பத்தடிக்கு ஒன்பதடிப் படுக்கையறை பூட்டிக் கிடக்கிறது. அது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ரொறன்ரோவிலிருந்து இரண்டு வாரம் வந்து போகும் மைத்துனருக்குரிய அறை.

கண்டியில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனை! லண்டன் மகனின் அறை, மெல்பேண் மகளின் அறை. கட்டில், மெத்தை, மெத்தைக்குப் பொலித்தீன் உறை. தூசு தட்டுவதற்கே ஆள் வேண்டும். வராதவர்களுக்கு அறை வைத்துக்கொண்டு, இருப்பவர்களை வாசற்படியில் வைத்துக் குளிப்பாட்டுகிறோம். இதற்குப் பெயர் பாசமென்றால் அந்தப் பாசத்தை நான் சந்தேகிக்கிறேன்.

"வெளியே காணி இருக்கிறதே, புதிதாக ஒரு குளியலறையை ஒட்டிக் கட்டலாமே" என்று கேட்பவர்கள் கண்டியின் தரையை அறியாதவர்கள். நம் வீடுகள் சரிவில் நிற்பவை. ஒட்டிக் கட்டுவதென்றால் பின்னால் மண்ணை வெட்ட வேண்டும், அல்லது முன்னால் மண்ணை நிரப்பித் தூண் நிறுத்த வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மலைகள் எப்படி இறங்கின, வீடுகள் எப்படிப் புதைந்தன என்று பார்த்த பிறகும் கொல்லைப்புறத்தில் மண்வெட்டியைத் தூக்குகிறவருக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி என்பதைத் தாமதப்படுத்தும் காகிதமாகப் பார்க்கும் பழக்கம் இனியாவது போக வேண்டும். இடம் தேவையா? வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். பூட்டிய அறை உள்ளே இருக்கிறது.

இன்னோர் ஆட்சேபம் இருக்கிறது. அதை எனக்கு நானே எழுப்பிக்கொண்டேன். மகியாவையில் கண்டி மாநகர சபைத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக நெருக்கியடித்து வாழ்கின்றன. நகரைக் கழுவியவர்களுக்கே கழுவிக்கொள்ள இடம் போதாத நிலையில், நடுத்தர வர்க்கத்து மனிதன் ஒருவன் பெரிய குளியலறை கேட்டு எழுதுவது ஆடம்பரமல்லவா? ஆடம்பரத்துக்காக என்றால் ஆம். படுத்துக் குளிக்கும் தொட்டியும், சுவர் முழுக்கக் கண்ணாடியும் வைப்பதற்காகப் படுக்கையறையை உடைக்கும் புதுப்பணக்காரர்களும் இந்நகரில் உண்டு. அவர்களுடைய வழக்கறிஞன் நானல்லன். நான் கேட்பது அகலம். சக்கர நாற்காலி ஒன்று திரும்ப ஐந்தடி விட்டமுள்ள வட்டம் வேண்டும். நாற்காலியின் அகலமே 25, 26 அங்குலம் வரும்போது 27 அங்குலக் கதவு கதவாகாது. இது மகியாவைக்கும் பொருந்தும், தோட்டத்துக்கும் பொருந்தும்.

தோட்டத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் கேட்டுவிடுகிறேன். இந்திய உதவியுடன் மலையகத்தில் கட்டப்பட்ட 4,000 வீடுகள் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி கொண்டவை. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2024 பெப்ரவரியில் அவற்றின் முதற்கட்டம் தொடங்கியபோது காணி 10 பேர்ச்சாக உயர்ந்திருந்தது. லயத்திலிருந்து சொந்த வீட்டுக்குப் போவது சிறிய காரியமல்ல. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் 550 சதுர அடிக்குள் இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, மலசலகூடம் அனைத்தும் அடங்க வேண்டுமென்றால் எது இறுதியில் சுருங்கும் என்பது வரைபடம் போடத் தெரிந்த எவருக்கும் தெரியும். கொழுந்து பறித்து முதுகெலும்பு தேய்ந்த பெண்கள் முதுமையடையப் போவது அந்த வீடுகளில்தான். படுக்கையறைகளை எண்ணித் திறப்பு விழாவில் மகிழும் அமைச்சர்கள், கதவின் அகலத்தை ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.

சட்டமும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே போராடிய அஜித் சி. எஸ். பெரேராவின் மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் அவற்றை வலியுறுத்தி உத்தரவிட்டது. அனைத்தும் பொதுக் கட்டடங்களைப் பற்றியவை. வங்கியில் சாய்தளம் இருக்கும். வங்கிக்குப் புறப்படுமுன் அம்மா எங்கே குளிப்பார் என்பது குடும்பத்தின் பாடு. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதம், அதாவது ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர். அதன்பின் அந்த வீதம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, பிள்ளைகள் விமானம் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். எண்பது வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் எத்தனை பேர் பழையபடி எழுந்து நடந்தார்கள் என்று உங்கள் உறவுக்குள்ளேயே எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் விழுந்தது ஈரத் தரையில் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

எங்கள் வீட்டில் தீர்மானம் ஆகிவிட்டது. சுவரைத் தட்டிப் பார்த்த மேசன் பாஸ், கூரைப் பாரம் அதன் மேல் இல்லை என்று உறுதி கூறினார். ஆனாலும் ஒரு பொறியியலாளரிடம் காட்டிய பிறகே கை வைப்பது என்றிருக்கிறோம். அறையின் ஒன்பதடியில் ஐந்தடி குளியலறைக்குப் போகும், மீதி அலுமாரிக்கு. கதவு மூன்றடி, வெளிநோக்கித் திறப்பது. உள்ளே யாரும் கதவோடு சாய்ந்து விழுந்தாலும் திறக்க முடியும். வாசற்கட்டு இல்லை, தரையே வடிகாலை நோக்கி இலேசாகச் சரியும். சொரசொரப்பான டைல். கைபிடிக்கும் கம்பிகளை டைலில் ஒட்டாமல் செங்கல்லுக்குள் இறக்க வேண்டும். உட்கார்ந்து குளிக்கச் சுவரோடு ஒரு திண்ணை.

மாமியார் இன்னமும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் திண்ணை எவ்வளவு உயரம் வர வேண்டும் என்று பாஸ் கேட்டபோது, "பீலிக்கல்லு ஒசரம் போதும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பாஸுக்குப் புரியவில்லை, என் மனைவி கையால் அளந்து காட்டினாள். மைத்துனர் அடுத்த ஆண்டு வருவதாகச் சொல்கிறார். அவருக்குக் கூடத்தில் பாய் விரிப்போம். கண்டியில் இரவில் குளிரும். கம்பளி இரண்டு எடுத்து வைத்திருக்கிறோம்.