தோடம்பழத் தோலும் தேசப்படமும்

தோடம்பழமொன்றை உரித்து, அதன் தோலை மேசைமீது தட்டையாகப் பரப்பிப் பாருங்கள். தோல் கிழியும், அன்றேல் மடியும். உருண்டையான பூமியைத் தாளில் வரைவோர்க்கும் இதே இடர்தான். பிழையற்ற தட்டைப் படம் இயலாதென்பது, ஜேர்மானியக் கணித மேதை கவுஸ் 1827இல் நிறுவிய தேற்றத்தால் உறுதியாயிற்று.

1569இல் மேர்க்காற்றர் வரைந்த படம் கோணங்களைக் காத்தது, மாலுமிகள் பயன்பெற்றனர். ஆயினும் பரப்பு பிழைத்தது. அதிலே கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆபிரிக்காவே 14 மடங்கு பெரிது.

அங்ஙனமாயின், வரிப்பத்தான்சேனையில் வயற்காணி உடையவர் தேசப்படத்தை நம்பலாமா? நம்பலாம். மேர்க்காற்றர் முறைக்கு நடுக்கோடு பூமத்தியரேகை. இலங்கைப் படத்துக்கோ அம்முறையைக் குறுக்கே திருப்பி, பீதுருதாலகால மலையூடாகச் செல்லும் வடக்குத் தெற்குக் கோட்டை நடுவாகக் கொண்டனர். அக்கோட்டில் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் வேண்டுமென்றே குறைக்கப்படுகிறது. கிழக்கே செல்லச் செல்ல நீளம் மிகும். முன்னரே குறைத்ததனால், வரிப்பத்தான்சேனையில் அம்மிகை கிலோமீற்றருக்கு 10 சென்ரிமீற்றரை எட்டுவதில்லை. ஓர் ஏக்கரில் அது ஒரு சதுர மீற்றர்கூட வராது.

பிழையை ஒழிக்க இயலாதவிடத்து, அதனை அளந்து, பங்கிட்டு, எல்லைக்குள் நிறுத்துவதே அறிவுடைமை. மாணவர்களே, இனித் தேசப்படமொன்றைக் காணும்போது, ‘இது எதனைக் காத்தது, எதனை விட்டது?’ என்று வினவுங்கள்.