மெர்ட்டன் மடத்து ஏடுகளும் நமது தாழ்வுணர்ச்சியும்

வெள்ளைக்காரன் வந்திருக்காவிட்டால் நம் ஏடுகள் எல்லாம் கரையானுக்குப் போயிருக்கும் என்ற பேச்சை லண்டனில் தமிழர் கூடும் எந்த இடத்திலும் கேட்கலாம். பிரிட்டிஷ் நூலகத்தில் தமிழ்ச் சுவடிகள் பத்திரமாக இருக்கின்றன. நாமோ ஆடிப்பெருக்கில் அவற்றை ஆற்றில் விட்டவர்கள். பழையதைப் போற்றும் குணம் அவர்களுக்குப் பிறவியிலேயே உண்டு, நமக்கு இல்லை. பேச்சு இப்படிப் போகும். சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். சொல்பவர் பெரும்பாலும் படித்தவராகவும் தமிழ்மேல் பற்றுள்ளவராகவும் இருப்பதுதான் வேதனை.

இது வரலாற்றுக்குப் பொருந்தாத பேச்சு. அதோடு, நம்மைக் கைகட்டி உட்கார வைக்கும் பேச்சு. குணமே இல்லாதவனிடம் யார் வேலை கேட்பார்கள்?

மறுப்புக்கான சான்று நம் காலடியிலேயே இருக்கிறது. விம்பிள்டன் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே அரை மணி நேரம் நடந்தால் வாண்டில் ஆற்றங்கரை வரும். அங்கே சூப்பர் மார்க்கெட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் அடியில் மெர்ட்டன் மடத்தின் அடித்தளம் கிடக்கிறது. சர்ரே மாவட்டத்தின் ஷெரிப்பாக இருந்த கில்பர்ட் 1114இல் நிறுவிய அகஸ்தீனிய துறவியர் மடம் அது. மூன்றாண்டுகளில் ஆற்றங்கரைக்கு இடம் மாறியது. பின்னாளில் கேன்டர்பரி பேராயராகிக் கொலையுண்ட தாமஸ் பெக்கெட் சிறுவனாக அங்கே படித்தார். 1236இல் இங்கிலாந்தின் பெருமக்கள் கூடிச் சட்டம் இயற்றியதும் அந்த மடத்தில்தான்.

நானூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த மடம். இத்தகைய மடங்களின் அலமாரிகளில் லத்தீனில் எழுதிய இறையியல் நூல்களே முதலிடம் பெற்றிருந்தன: அகஸ்தீனின் பிரசங்கங்கள், மகா கிரகோரியின் உரைகள், விவிலியத்துக்கு வரிக்கு வரி எழுதிய விளக்கங்கள், பீட்டர் லொம்பார்டின் தொகுப்பு நூல். கன்றுத்தோலையோ ஆட்டுத்தோலையோ சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி, இறகுப் பேனாவால் எழுதினார்கள். ஒரு பெரிய விவிலியத்துக்கு ஒரு மந்தையே வேண்டும். பனையோலையைப் பதப்படுத்தி எழுத்தாணி பிடித்த நம் முன்னோருக்கு இந்த உழைப்பின் அருமை சொல்லாமலே புரிந்திருக்கும்.

1538 ஏப்ரல் 16ஆம் நாள் எட்டாம் ஹென்றியின் ஆணைக்கு மடம் பணிந்தது. ஒரு வாரத்துக்குள் அரசனின் புதிய நான்சச் அரண்மனை வேலை தொடங்கியது. மடத்தின் கல்லை வண்டி வண்டியாக அங்கே கொண்டுபோனார்கள். கல்லுக்கு மதிப்பு இருந்தது. புத்தகத்துக்கு? 1536 முதல் 1540 வரை இந்த நாட்டில் ஏறக்குறைய 800 மடங்கள் மூடப்பட்டன. அவற்றின் நூல்கள் என்ன ஆயின என்பதை ஜான் பேல் 1549இல் எழுதினார். மெழுகுவர்த்தித் தண்டு துலக்கவும் பூட்ஸ் துடைக்கவும் கழிப்பறையிலும் ஏடுகள் பயன்பட்டன. மளிகைக்காரரும் சோப்பு விற்பவரும் பொட்டலம் கட்ட வாங்கினார்கள். மிச்சத்தைப் பைண்டிங் செய்பவர்களுக்காகக் கப்பல் ஏற்றினார்கள். இதை எழுதிய பேல் மடங்களுக்காகக் கண்ணீர் விட்டவர் அல்லர். துறவறத்தை உதறிய தீவிர புராட்டஸ்டண்டு. அவராலேயே பொறுக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் பழைய வழிபாட்டு நூல்களை அழிக்கச் சட்டமே போட்டது. அந்தக் காலத்தில்தான் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக நூலகமும் காலியானது. வைக்க நூல் இல்லாததால் 1556இல் அதன் மேசை, தட்டுகளை விற்றுவிட்டார்கள். தாமஸ் போட்லி சொந்தப் பணம் போட்டு அதை மறுபடி திறந்தது 1602இல். பிறவிக் குணம் அதுவரை எங்கே போயிருந்தது?

இன்று அவர்களிடம் இவ்வளவு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். முதலாம் எலிசபெத்தின் பேராயர் மாத்யூ பார்க்கர் மடங்களிலிருந்து சிதறிய ஏடுகளைத் தேடித் திரட்டினார். தம் சபை நேற்று முளைத்ததல்ல என்று வாதாட அவருக்கு அவை தேவைப்பட்டன, சுயநலம்தான். ஆனால் 1574இல் அந்தத் திரட்டைக் கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்குக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தார். வேறு கல்லூரிக்காரர்கள் வந்து ஏடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். குறித்த அளவுக்கு மேல் தொலைந்திருந்தால் முழுத் திரட்டும் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரிக்குப் போய்விடும். அவர்களும் தொலைத்தால் டிரினிட்டி ஹாலுக்கு. நானூற்றைம்பது ஆண்டுகளாகத் திரட்டு இடம் மாறவில்லை. இதைக் குணம் என்று சொல்லாதீர்கள். தணிக்கை என்று சொல்லுங்கள்.

மெர்ட்டனில் எழுதப்பட்ட வரலாற்று ஏடு ஒன்று இன்று ஈட்டன் கல்லூரியில் இருக்கிறது. மடத்தின் நிலப் பத்திரங்களைத் தொகுத்த ஏடு ராபர்ட் காட்டனின் சேகரிப்போடு பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்தது. எந்த மடத்தின் எந்த நூல் எங்கே பிழைத்திருக்கிறது என்று நீல் கெர் 1941இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். மடங்கள் மூடி நானூறு ஆண்டுகள் கழித்து! பட்டியல் போடத் தாமதமாகிவிட்டது என்று நாம் சொல்லும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கம் வருவோம். ஏடுகள் ஆற்றில் போனதும் உண்மை, கோயிலில் நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டதும் உண்மை. கரிவலம்வந்தநல்லூரில் நடந்த அந்தக் கொடுமையை உ.வே.சாமிநாதையரே எழுதியிருக்கிறார். ஆனால் அதே மண்ணில் சைவ மடமான திருவாவடுதுறையில் படித்த அவர், சமண காப்பியமான சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். பொருள் விளங்காத இடங்களில் சமணரிடமே போய்க் கேட்டார். யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம்பிள்ளை பௌத்தரின் வீரசோழியத்தையும் சமணரின் சூளாமணியையும் பதிப்பித்தார். இருவரும் தம் சமயத்துக்குப் புறம்பான நூல்களைக் காத்தவர்கள். பார்க்கருக்குப் பின்னால் அரசும் பேராயர் பதவியும் இருந்தன. இவர்களுக்கு இருந்தவை ஊர் ஊராக நடந்த கால்களும் கையொப்பமிட்ட சில புரவலர்களும்தான்.

வெள்ளையரிலும் பெரும்பணி செய்தவர்கள் உண்டு. மெக்கென்சியின் திரட்டை யார் மறுக்க முடியும்? ஆனால் திராவிட மொழிகளின் உறவை முதலில் நிறுவிய எல்லிஸ் 1819இல் இறந்த பின், அவருடைய கையெழுத்துத் தாள்கள் மதுரைக் கலெக்டரின் சமையல்காரர் அடுப்பு மூட்டப் பயன்பட்டன என்பதும் வெள்ளை அதிகாரிகளே சொல்லிவைத்த செய்திதான். அடுப்புக்கு இனம் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்களை நாம் கரையானுக்குக் கொடுக்கவில்லை. அவற்றைக் கொளுத்தினார்கள். அந்த நெருப்பைக் கடந்து இங்கே வந்தவர்கள் நடுவே உட்கார்ந்துகொண்டு, நமக்குக் காக்கத் தெரியாது என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவது பாதிக்கப்பட்டவன்மேல் பழி போடுவதாகும்.

சரி, காக்கும் குணம் கொண்டதாக நாம் நம்பும் அந்த நூலகத்துக்கே 2023 அக்டோபரில் என்ன நடந்தது? கணினிக் கொள்ளையர்கள் புகுந்தார்கள். ஏறக்குறைய 600 ஜிகாபைட் தரவைக் களவாடினார்கள். பணம் தர நூலகம் மறுத்ததும் அதை வெளியிட்டார்கள். நூற்பட்டியலைத் தேடிப் பார்க்கும் வசதியே 2024 ஜனவரியில்தான் ஓரளவு திரும்பியது. ஸ்கேன் செய்த சுவடிகள் அதற்குப் பின்னும் நெடுநாள் கண்ணில் படவில்லை. தோலில் எழுதிய எண்ணூறு வருட லத்தீன் ஏட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் படம்தான் காணாமல் போனது. காரணங்களை நூலகமே அறிக்கையாக வெளியிட்டது. பழைய சிஸ்டங்கள், வெளியிலிருந்து நுழையும் சர்வருக்கு இரண்டாம் அடையாளச் சோதனை இல்லாமை. மின்பிரதிகள் பத்திரமாக இருந்தன. அவற்றை மீண்டும் ஏற்றி ஓடவிட உகந்த சர்வர் அமைப்பு இல்லை. என் தொழிலில் இதற்கு ஒரு பாடம் உண்டு. பேக்கப் எடுத்தேன் என்பது பேச்சு, ரீஸ்டோர் செய்து பார்த்தேன் என்பதே செயல்.

ஆகவே, ஸ்கேன் பண்ணி டிரைவில் போட்டாயிற்று என்று திருப்திப்படும் நம் சங்கங்களையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம்? அவருக்குப் பின் யாரிடம்? போன வருடம் போட்ட கோப்பு இன்று திறக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? மூலப் பிரதி எந்த வீட்டில் இருக்கிறது? நூலகம் அமைப்பினர் 2005 முதல் ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். அவர்களுக்குப் பாராட்டுவிழா எடுப்பதைவிட, நம் வீட்டு மாடியறையில் இருக்கும் பெட்டியைத் திறந்து பட்டியல் போட்டுக் கொடுப்பது மேல்.

எண்பதுகளில் இந்நகரில் தமிழில் அச்சான சிற்றிதழ்கள், நாடகப் பிரதிகள், இறந்தவர் நினைவாக அடித்த கல்வெட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றை வைத்திருக்கும் தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. வீடு விற்கும்போது பிள்ளைகள் அழைப்பது குப்பை அள்ளும் வண்டியை. அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. லத்தீன் தெரியாத மளிகைக்காரனுக்கு அகஸ்தீன் என்னவோ, அதுதான் அவர்களுக்கு இது.

பார்க்கரிடமிருந்து கடன் வாங்க வேண்டியது அந்த நிபந்தனை ஒன்றுதான். இரண்டு சங்கங்கள் ஒப்பந்தம் போடட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் பெட்டியை மற்றவர் எண்ணட்டும், கோப்புகளைத் திறந்து பார்க்கட்டும். குறைந்தால் திரட்டு கைமாறட்டும். நம் சங்கங்களுக்கு இடையே போட்டிக்கா பஞ்சம்? அது ஒருமுறையாவது ஏட்டுக்குப் பயன்படட்டும்.