பச்சைப் பெயிண்ட் அடித்தால் போதுமா?



வேற்றுக்கிரகவாசியை வைத்துக் கதை எழுதக் கிளம்பும் நம்மவர்கள் முதலில் வரைவது ஆளைத்தான். பெரிய தலை, பச்சைத் தோல், நெற்றியில் ஒரு கொம்பு. பிறகுதான் அவர் குடியிருக்க ஒரு கிரகம்! கூரையைப் போட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டுகிற கதையால்ல இருக்கு? கிரகத்தை முதலில் கட்டுங்கள். ஆள் தானாக எழுந்து வருவான் என்பதே என் கட்சி.

அமெரிக்க எழுத்தாளர் ஹால் கிளெமென்ட் பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்தவர். 1953-ல் தொடராக வந்த அவரது 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' நாவலில் மெஸ்க்ளின் என்றொரு கிரகம். நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப் போல 3 மடங்கு. துருவத்தில் சுமார் 700 மடங்கு! அங்கே மனிதன் மாதிரி நிமிர்ந்து நிற்க முடியுமா? பூரான் போல் தரையோடு கிடக்கும் உடல்தான் தாங்கும். சாண் உயரம் என்றாலே அவர்களுக்குக் குலை நடுங்கும். உடல் மட்டுமல்ல, பயமும் ஈர்ப்பிலிருந்தே பிறக்கிறது.

'இரண்டு கால், இரண்டு கை உள்ள மனிதன்தான் வேணும்' என்கிறீர்களா? சரி, ஈர்ப்பை 2 மடங்காக வைப்போம். 60 கிலோ ஆளின் கால்கள் நம்ம கணக்கில் 120 கிலோ லோடு தாங்கணும். ஒரு மீட்டர் விழ இங்கே 0.45 விநாடி, அங்கே 0.32 விநாடிதான். கை ஊன்றுவதற்குள் மண்டை உடைந்துவிடும்! ஆகவே ஆள் குட்டை, கால் தடிமன். வீட்டில் மாடிப்படிக்குப் பதில் சரிவுப் பாதை. 'உயர்ந்த மனிதர்' என்பது அங்கே பாராட்டாகுமா? வசவாகத்தான் இருக்கும்!

2009-ல் வந்த 'அவதார்' படத்தின் நாவிகள் சுமார் 3 மீட்டர் உயரம். உயரத்தை இரட்டித்தால் எடை 8 மடங்கு, எலும்பின் குறுக்குப்பரப்பு 4 மடங்குதான் என்பது 1638-லேயே கலிலியோ எழுதிவைத்த சங்கதி. அதற்காகவே ஈர்ப்பைக் குறைத்து, எலும்பில் கார்பன் ஃபைபரும் வைத்தார்கள். சபாஷ்! ஆனால் அங்கே குதிரைக்கு ஆறு கால். நாவிகளுக்கு மட்டும் நம்மைப் போல இரண்டு. அந்தக் கணக்குதான் இடிக்கிறது.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று தள்ளாதீர்கள். தென்கிழக்கு ஆசியக் கடலில் மூச்சடக்கி மூழ்கி மீன் பிடிப்பவர்கள் பஜாவ் மக்கள். அவர்களின் மண்ணீரல் பக்கத்து நிலத்து மக்களுடையதைவிடச் சுமார் 50 சதவீதம் பெரிது என்று 2018-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நம்ம பூமியிலேயே இடம் ஆளைச் செதுக்குகிறது! அடுத்த ஊர்க்காரரின் வீட்டையும் சாப்பாட்டையும் பார்த்துச் சிரிக்கிறோமே... அவர் நிற்கும் மண்ணை விசாரித்தோமா?

ஆகவே, அடுத்த மலருக்குக் கதை எழுதப் போகும் நண்பரே, டிராயிங் ஷீட்டில் முதலில் ஈர்ப்பு, காற்று, வெளிச்சம், தண்ணீர் என நாலு வரி எழுதுங்கள். ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்த நம்மால் முடியாதா என்ன? பச்சைப் பெயிண்ட்டைக் கடைசியில் பார்த்துக்கலாம்!