பொது நோக்கத்தில் சேரி எங்கே?

முப்பது குடும்பங்களுக்கு வீட்டுமனை தருவதற்காக ஓர் ஊரில் ஒரு ஏக்கர் நிலம் எடுக்க ஆதிதிராவிடர் நலத்துறை நோட்டீஸ் கொடுக்கிறது. அதே ஊர் வழியாகப் போகும் சாலைக்கு இருபது ஏக்கர் எடுக்கவும் நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் கண்ணில் இரண்டுமே ‘பொது நோக்கம்’தான். சாலைக்கு எடுத்தால் பெரும்பாலும் எழும் கேள்வி, சென்டுக்கு எவ்வளவு தருவார்கள் என்பது. மனைக்கு எடுத்தால் எழும் கேள்வி வேறு: ‘அவங்களுக்கு இந்தப் பக்கம் எதுக்கு மனை?’

நிலம் கையகப்படுத்தலை எதிர்த்து நாம் பகிரும் பதிவுகளில் இந்த இரண்டாவது கேள்வி வருவதே இல்லை. அரசு ஒரு பக்கம், விவசாயி ஒரு பக்கம் என்று கோடு போட்டுவிடுகிறோம். பட்டா இல்லாமல் அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள் எந்தப் பக்கம் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பைத் தந்தது. அரசியலமைப்பின் 39(ஆ) பிரிவு பேசும் ‘சமூகத்தின் பொருள்வளம்’ என்பதற்குள் எல்லாத் தனியார் சொத்தும் வந்துவிடாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் 1970களில் எழுதிய விரிவான விளக்கத்தைக் கைவிட்டார்கள். அரசின் கை கட்டப்பட்டது என்று மகிழ்ந்த முற்போக்காளர்கள் சிலரை எனக்குத் தெரியும். எனக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை. சொத்துரிமை கெட்டிப்படும்போது முதலில் பாதுகாக்கப்படுவது ஏற்கெனவே சொத்து வைத்திருப்பவர்களுடைய உரிமை. இந்த நாட்டில் அது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்பேத்கர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில் கேட்டது இதற்கு நேர் எதிரானது. வேளாண் நிலம் முழுவதையும் அரசே எடுத்துக்கொள்ள வேண்டும், உடைமையாளருக்கு ஈடாகக் கடன் பத்திரம் தர வேண்டும், சாதி பார்க்காமல் ஊர் மக்களிடம் கூட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு விட வேண்டும் என்றார். அதாவது, நிலத்தை எடுக்கும் அதிகாரத்தை அவர் அஞ்சவில்லை, அது எதற்குப் பயன்படும் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைக்கச் சொன்னார்.

சென்னை மாகாணத்தில் இந்த அதிகாரத்துக்கும் சேரிக்கும் நீண்ட உறவு உண்டு. பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர் கூலி உயர்த்திக் கேட்டால் குடிசை போய்விடும். மனை சொந்தமாக இல்லாதவரை கூலிப் பேச்சே இல்லை. அதனால்தான் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர் துறை 1894ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு மனைகளைக் கையகப்படுத்தத் தொடங்கியபோது மிராசுதாரர்கள் அப்படிக் கொதித்தார்கள். அந்த மனைக்கான விலையையும் சேரி மக்களிடமே தவணையாக வசூலித்தது அரசு!

சுதந்திரத்துக்குப் பிறகு 1978இல் தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டம் போட்டது (பெயரில் இன்னும் ‘அரிசன நலத் திட்டங்கள்’ என்றே இருக்கிறது). உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1990களின் நடுவில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றி, ஒரு பகுதியை மட்டும் நீக்கியது: இழப்பீட்டுத் தொகையை நில உடைமையாளருக்குத் தவணையில் தரலாம் என்ற பகுதி. அது சமத்துவத்துக்கு எதிரானதாம். சட்டப்படி சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். தவணை கட்டிய சேரியை நினைத்துக்கொண்டுதான் அதைப் படிக்க முடிகிறது.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் ஒரு முக்கியமான மாற்றத்தைக் கொண்டுவந்தது. நிலம் இல்லாவிட்டாலும், அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டுகளாக வாழும் கூலித் தொழிலாளியும் குத்தகைதாரரும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றது. எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்றது. தமிழ்நாடு உடனே 105அ என்ற பிரிவைச் சேர்த்து மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது: 1978ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. அதே ஆண்டில் புதுச் சட்டம் போட்டு மூன்றையும் உயிர்ப்பித்தார்கள். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் சரி என்றது. விலக்கை வாங்கியது அ.தி.மு.க. ஆட்சி. பரந்தூர் விமான நிலையத்துக்காக 1997ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்தது தி.மு.க. ஆட்சி.

அந்த மூன்றின் வரிசையைப் பாருங்கள். முதலில் நிற்பது நம் பெயர். ஓர் ஏக்கர் மனைக்கு நீண்ட மதிப்பீடு தேவையில்லை, தாமதமானால் நஷ்டம் நமக்கே என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். யாரும் அங்கே ஊரை விட்டுப் போவதில்லை. ஆனால் அதே வண்டியில் தொழிற்பேட்டையையும் நெடுஞ்சாலையையும் ஏற்றியது எந்த நியாயம்? அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் போகிறது. பட்டாதாரருக்கு இழப்பீட்டு அட்டவணை பொருந்தும். கூலிக்காரர் யார், எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும் மதிப்பீடு மட்டும் கிடையாது. கணக்கில் வராதவருக்கு எதைக் கொடுப்பார்கள்?

இன்னொன்றும் போனது, இதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41(9) பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிலம் சட்டத்துக்குப் புறம்பாகக் கைமாறியிருந்தால் அந்தக் கைமாற்றம் செல்லாது என்கிறது. அந்த நிலத்தை எடுக்கும்போது மறுவாழ்வுப் பயன்கள் முதல் உரிமையாளருக்கே சேர வேண்டும் என்கிறது. பஞ்சமி நிலத்துக்கு இதைவிடக் கூர்மையான ஆயுதம் எது? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் வழங்கப்பட்ட டி.சி. நிலங்களைப் பத்தாண்டுக்கு விற்கவே கூடாது, பிறகும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம். அந்த நிபந்தனையை மீறிய கிரயப் பத்திரங்கள் இன்று எங்கும் கிடக்கின்றன. 1994இல் காரணையில் நிலத்தை மீட்கப் போராடியவர்களுக்காகச் செங்கல்பட்டில் திரண்டபோது, ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

ஆய்வுக்காக ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய அ-பதிவேட்டையும் 1980களின் யு.டி.ஆர். பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பழையதில் குறிப்புக் கட்டத்தில் ‘டி.சி.’ என்று மசியில் இருந்த சில சர்வே எண்களுக்கு, புதியதில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. பெயர் மட்டும் மாறியிருந்தது. நாளை அந்த எண்கள் வழியாக ஒரு சாலை போனால், இழப்பீட்டுக் காசோலை யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே கையகப்படுத்தலே கூடாது என்ற கோஷத்தோடு நான் நிற்க மாட்டேன். நான் கேட்பது, நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன் யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டோடு ஒவ்வொரு சர்வே எண்ணையும் ஒப்பிட்டு, முடிவைக் கிராம சபையில் படித்துக்காட்ட வேண்டும் என்பது. தொழிலுக்கும் சாலைக்கும் கொடுத்த விலக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்பது. பரந்தூரும் அதன் சுற்று ஊர்களும் திரமென்கீர் காலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தவை. அங்கிருந்து தொடங்கலாம்.